வார்த்ததும் அடித்ததும்

எங்கள் பட்டறைக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட் வந்தால் அப்பா எடுத்த எடுப்பில் மைக்ரோமீட்டரைத் தொடமாட்டார். உத்தரத்தில் தொங்கும் சங்கிலியில் அதைக் கட்டித் தூக்குவார். பழந்துணியால் எண்ணெயைத் துடைப்பார். சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அடித்துச் செய்த கிராங்க் என்றால் கோயில் மணிபோல இழுத்துக்கொண்டே ஒலிக்கும். வார்த்துச் செய்தது என்றால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அடித்துச் செய்ததே 'டொக்'கென்று அடங்கினால் உள்ளே எங்கோ விரிசல். "முதல்ல காது, அப்புறந்தான் கண்ணு" என்பார். மீனாட்சி கோயில் வடக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இசைத் தூண்களைக் காட்டித்தான் எனக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்தார். அப்போது எனக்கு எட்டு வயது. சிற்பி கல்லைத் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதைப்போல இரும்பையும் பிரிக்கலாம் என்றார்.

போன சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு பையன் பட்டறைக்கு வந்தான். பொறியியல் படித்தவன். அவன் அப்பாவின் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வீட்டில் நிற்கிறது. 1298 சி.சி., கம்பெனியிலிருந்து வந்தபோது 65 ஹெச்.பி. அதில் டர்போ வைத்து 200 ஹெச்.பி. எடுக்க வேண்டும் என்றான். "அய்யா, எந்த பிளாக் எடுக்கலாம்? ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு போட்டா தாங்குமா?" என்று கேட்டான். அவன் கேட்டது சின்னக் கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தபோது என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் இரும்போடு பட்ட பாடு முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்று சாயங்காலம் வரை பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் மோட்டார் என்றாலே டி.வி.எஸ்.ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இந்த ஊரில் தொழிலைத் தொடங்கினார். மேல வெளி வீதியில் அவர் பெயர் தாங்கிய கட்டிடம் இன்றும் நிற்கிறது. அவருடைய பஸ் வந்த நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டதாக ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. பஸ் நேரத்துக்கு வர வேண்டுமானால் எஞ்சின் நடுவழியில் நிற்கக்கூடாது. நிற்காமலிருக்க வேண்டுமானால், நிற்பதற்கு முன்பே அதைப் பிரித்துப் பார்க்கிற ஆட்கள் வேண்டும். அப்படி உருவான ஆட்களில் ஒருவர் என் தாத்தா.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். தானே கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளில் மாட்டியது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கரி பஸ். வண்டியின் பின்புறம் ஓர் உருளை அடுப்பு, அதில் மரக்கரி. பாதி எரிந்த கரியிலிருந்து வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விடுவார்கள். பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதுண்டு என்பார் தாத்தா. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய கவலை சாம்பல். எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் சாம்பல் உள்ளே போய்விடும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் அது உப்புத்தாள் போல் உரசும். சில மாதங்களில் சிலிண்டர் தேய்ந்துவிடும். ரிங் எட்டாத மேல் விளிம்பு மட்டும் தேயாமல் நிற்க, விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும். எத்தனை தேய்மானம் என்பதை அந்தப் படியைத் தொட்டே தாத்தா சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் கடையும் தொழில் வந்தது கரிச் சாம்பலால்தான்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். அளவு தவுக் கணக்கில். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பட்டறையில் தவு என்று பெயர். நம் தலைமுடி இரண்டு மூன்று தவு கனம் இருக்கும். இருபது, முப்பது, நாற்பது, அறுபது தவு வரை பிஸ்டன் கிடைக்கும். கிராங்குக்கு அப்படியே தலைகீழ்: பத்து, இருபது, முப்பது என்று சாணை பிடித்துச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். சிலிண்டர் பெரிதாகும், கிராங்க் சிறிதாகும், இரண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் சிலிண்டருக்குள் புது லைனர் அடித்து இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்கு வர வேண்டும். ஒரே பிளாக் மூன்று தலைமுறை பிஸ்டன்களைப் பார்த்துவிடும். வண்டி மாறும், முதலாளி மாறுவார், பிளாக் மட்டும் அப்படியே இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு டீசல் வந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கியது 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் டாட்டாவின் டெல்கோ ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி கட்ட ஆரம்பித்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்தது. பெட்ரோலில் ஓடிய பழைய டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் அந்த பெர்கின்ஸ் பி6-ஐத் தூக்கி வைத்து டீசலாக்குவது அந்தக் காலத்தில் பெரிய வேலை. அதே செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டதால் பிஸ்டனுக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நிலை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அப்பா தனியாகப் பட்டறை போட்டது இந்தச் சமயத்தில்தான். வடக்கு வெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு லேத், பிளாக்கின் மேலேயே உட்காரவைத்துக் கடையும் ஒரு போரிங் பார், சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு.

டாட்டா எஞ்சின் பெயரிலேயே அளவு இருக்கும் என்பதை அப்பாதான் சொன்னார். 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். பிறகு வந்த 697-க்கு 97 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கையும் 120-லிருந்து 128 ஆக்கியதால் 4788 சி.சி. 5675 ஆனது. "அஞ்சு மில்லிமீட்டருக்கு கம்பெனிக்காரன் எவ்வளவு யோசிச்சிருப்பான்" என்பார். போர் பெரிதானால் வலு கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எவ்வளவு இரும்பு மிஞ்சுகிறது, அதைச் சுற்றித் தண்ணீர் ஓட இடம் இருக்கிறதா, ஹெட் போல்ட் பிடிக்கிற இடம் தாங்குமா என்பதுதான் அவருடைய கணக்கு. வலுவைக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் பிளாக்கைத்தான் காட்டச் சொல்வார்.

1972-இல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் ரோடுவேஸ் வந்தது. டிப்போக்கள் தங்கள் எஞ்சின் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டன. தனிப் பட்டறைகளுக்கு லாரியும் டிராக்டரும் கிணற்று ஆயில் எஞ்சினும் மிஞ்சின. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கரிசல், செம்மண் காடுகளில் மின்சாரம் எட்டாத கிணற்று மேட்டில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ராப்பகலாக 'டுக் டுக்' என்று ஓடும். அதைச் சைக்கிள் கேரியரில் பிஸ்டனாகவும், மாட்டு வண்டியில் பிளாக்காகவும் கொண்டுவருவார்கள். நெல் வாடிக்கொண்டிருக்கும், இன்றைக்கே வேண்டும் என்று பட்டறை வாசலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். வேகத்துக்காக யாரும் எங்களிடம் வந்ததில்லை. நின்றுவிடக் கூடாது என்பதற்காக வந்தார்கள். எஞ்சினைத் தாங்கவைக்கும் வித்தை இந்தச் சமவெளிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விரிசல் பார்க்கக் காந்தமும் கருவியும் எங்களிடம் இல்லை. மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் இருந்தன. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். அரை மணி கழித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பைத் தூவி, பக்கத்தில் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் தலைமுடி போல ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்த கிராங்கை அப்பா பேரம் பேசாமல் ஒதுக்கிவிடுவார். எத்தனையோ லாரிக்காரர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார்கள்.

நான் தலையெடுத்த பிறகு நடந்த ஒரு தவறை இங்கே எழுதியாக வேண்டும். 1980-களின் நடுவில், எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு லாரி எஞ்சினை நானே முழுவதும் கோத்தேன். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. கனெக்டிங் ராடு போல்ட் மட்டும் பழையது. மரை நன்றாக இருக்கிறதே என்று துடைத்துப் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் போன லாரி கொட்டாம்பட்டியில் நின்றது. ஒரு போல்ட் அறுந்து, ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை நுழையும் ஓட்டை. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். அப்பா என்னைத் திட்டவில்லை. வேறு பிளாக் வாங்கி, கூலி இல்லாமல் தானே எஞ்சினைக் கட்டிக்கொடுத்தார். அறுந்த போல்டோடு இருந்த மற்ற போல்ட்களைப் புது போல்ட் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கச் சொன்னார். அவை நாலைந்து தவு நீண்டிருந்தன.

பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும்போது ராடு நசுங்கப் பார்க்கும். அதை அது தாங்கிக்கொள்ளும். புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்புகிற கணத்தில்தான் ஆபத்து. அப்போது மேலிருந்து அழுத்த எதுவும் இல்லை. பிஸ்டன் தன் போக்கில் மேலே பறக்கப் பார்க்கும், ராடு அதைக் கீழே இழுக்கும், அந்த இழுப்பு முழுவதும் இரண்டு போல்டின் மேல். சுற்று இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நாலு மடங்கு. எஸ்டீம் பையனிடம் இதைச் சொன்னபோதுதான் அவன் நோட்டை எடுத்தான்.

போல்ட் பற்றி மதுரைக்காரன் பேசினால் ஆவியூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே அருப்புக்கோட்டை ரோட்டில், கிருஷ்ணாபுரத்தில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆலை. டி.வி.எஸ். குடும்பத்தின் இந்தக் கம்பெனி 1962-இல் தொடங்கி, 1966-இல் சென்னை பாடியில் உற்பத்தியை ஆரம்பித்தது. போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். 12 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் 1200 நியூட்டன் இழுப்புக்குப் பிறகே அறும்; 9 என்றால் அதில் தொண்ணூறு சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். மரையை வெட்டி எடுக்காமல் உருட்டி எடுத்தால் இரும்பின் இழை அறாமல் வளைந்து போகும். கரும்பை வெட்டுவதற்கும் வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

இழை என்று சொன்னேன். ஃபோர்ஜிங் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்துக்கு அது தெரியும். வைகைக் கரையில் கிழக்கே போனால் திருப்பாச்சேத்தி. அந்த ஊர் அருவாளுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. அங்கே பட்டறையில் உலையில் வைப்பது பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. சிவக்கக் காய்ச்சி, பட்டடைக்கல்லில் வைத்து, இருவர் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். அடிக்க அடிக்க உள்ளே இருக்கும் இழை அருவாளின் வளைவோடு சேர்ந்து வளையும். கிராங்கையும் ராடையும் ஆலையில் பல டன் சுத்தியலுக்குக் கீழே வைத்து அடிப்பதும் இதேதான். அடித்த கிராங்கின் விலாவில் விரலகலத்துக்கு ஒரு தழும்பு ஓடும், அச்சு இரண்டும் சேர்ந்த இடம். வார்ப்பில் அது மெல்லிய கோடாகத்தான் இருக்கும். திருப்பாச்சேத்தியில் ஒரு வயதான கொல்லர் என் தாத்தாவின் நண்பர். வார்ப்பு இரும்பில் அருவாள் செய்தால் என்ன ஆகும் என்று சிறுவயதில் அவரிடம் கேட்டேன். ஒரு வார்ப்புத் துண்டைக் கல்லில் வைத்து ஒரே அடி. தேங்காய்ச் சில்லு மாதிரி சிதறியது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் உலோகவியல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் பிளாக்கை மட்டும் ஏன் வார்க்கிறார்கள்? தண்ணீர் ஓட, எண்ணெய் ஓட, ஆறு சிலிண்டர் உட்கார என்று அத்தனை குகைகளோடு ஒன்றை அடித்து உருவாக்க முடியாது. வார்ப்பு இரும்புக்குள் கரி மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும். இழுத்தால் அந்த இதழ் வழியே அது உடையும். ஆனால் அமுக்கத்தைத் தாங்கும், அதிர்வை உறிஞ்சும், எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குறை ஒன்று உண்டு: வார்த்தபோது மெல்லிய இடம் முதலில் ஆறும், தடித்த இடம் பின்னால் ஆறும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். ஓடிச் சூடாகி, நின்று ஆறி, பல்லாயிரம் தடவை அப்படி ஆன பிறகுதான் அது அமைதியாகும். இதனால்தான் அப்பா புது பிளாக்கைவிட, விரிசல் இல்லாத பழைய பிளாக்கையே விரும்புவார். கொல்லையில் வேப்பமரத்தடியில் ஆறேழு பழைய லேலண்ட் பிளாக்குகள் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன அம்மாவோடு அவருக்கு ஓயாத சண்டை.

அப்பாவின் பிடிவாதம் வெறும் பட்டறை நம்பிக்கை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் பி.எம்.டபிள்யூ. கதை தெரிந்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அவர்கள் கட்டிய ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினுக்கு, சாதாரணக் காரின் வார்ப்பு இரும்பு பிளாக்கைத்தான் எடுத்தார்கள். அதிலும் நிறைய ஓடிப் பழகிய பிளாக்குகளை விரும்பி எடுத்தார்கள். 1983-இல் நெல்சன் பிக்கே அந்த எஞ்சினோடுதான் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு தகுதிச் சுற்றுகளில் அது ஆயிரம் குதிரைத் திறனையும் தாண்டியது. இந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. கொல்லைப் பக்கம் திரும்பி, "உங்கம்மாட்ட சொல்லு" என்றார்.

பந்தயம் என்பது மதுரைக்குத் தூரத்துச் சங்கதி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தய வண்டிகள் கட்டி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கிவிட்டு 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். எங்கள் ஊருக்கு வேகம் வேறு வழியில் வந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இலிருந்து 1996 வரை வந்த வண்டி, 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 98 சி.சி., 11 ஹெச்.பி. இன்றைக்கும் புதூரிலோ தெப்பக்குளத்திலோ அந்தச் சத்தம் கேட்டால் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதன் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு பின்னை அழுத்திக் கோத்தது. ராடு மாற்றினால் தட்டுகளைப் பிரித்துச் சேர்த்து, இரண்டு முனையிலும் தாங்கவைத்து, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேர் செய்ய வேண்டும். ஒரு தவு கோணினாலும் எட்டாயிரம் சுற்றில் அது கையில் தெரியும். இந்த வேலைக்கு இன்று ஊரில் என் வயதுக்காரர்கள் சிலர்தான் மிச்சம். கற்றுக்கொள்ள ஆள் வரவில்லை என்பது என் மனதை அறுக்கிறது. ஃபோனில் தட்டினால் பாகங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அளக்கிற கை அப்படி வராது.

எஸ்டீம் பையனுக்குச் சொன்னது இவ்வளவுதான். உன் பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். அந்த லைனர் மெல்லியது, அதனால் போரைப் பெரிதாக்கி வலு தேடாதே. தேய்மானம் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்கிற பிளாக்காகத் தேடிக் கொண்டுவா. காற்றை அமுக்கித் திணிக்கப் போகிறாய். எரிபொருள் நேரம் தவறி வெடித்தால் வார்ப்பு பிஸ்டன் நொறுங்கும், அடித்த பிஸ்டன் நசுங்கிக் கொஞ்சம் பொறுக்கும். அதற்காகத்தான் ஃபோர்ஜ்டு, பெயருக்காக இல்லை. சிலிக்கான் பன்னிரண்டு சதவீதம் கலந்த பிஸ்டன் சூட்டில் குறைவாக விரியும். சிலிக்கான் மிகக் குறைந்த வகை இன்னும் வலுவானது, ஆனால் அதிகம் விரியும். அதற்கு இடம் விட்டுக் கடைய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் கலகலவென்று அடிக்கும், சூடானால் அடங்கும், பயப்படாதே. ராடு அடித்ததாக வாங்கு, போல்ட் புதிதாக வாங்கு. கடைசிக் கடைசலுக்கு முன் ஹெட் இருக்கிற இடத்தில் கனத்த தட்டைப் போட்டு இறுக்க வேண்டும். ஏனென்றால் போல்ட் இறுகும்போதே சிலிண்டரின் வட்டம் கெடும். அப்பா இதற்காக ஒரு பழைய ஹெட்டை அறுத்துத் தட்டு செய்து வைத்திருந்தார். புத்தகத்தில் படித்துச் செய்ததில்லை. இறுக்கிய பிறகு அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்துப் பையன் இரண்டு பிளாக்குகளோடு வந்தான். சித்திரை முடிந்தும் தணியாத வெயிலில், திறந்த ஆட்டோவில். இரண்டையும் பெஞ்சில் ஏற்றினோம். போர் கேஜை அவன் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. அப்பாவின் பழைய நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதச் சொன்னேன். இரண்டாவது பிளாக்கின் மூன்றாம் சிலிண்டர் மட்டும் அளக்க அளக்க வேறு வேறு எண் காட்டியது. கேஜில் கோளாறோ என்று கேட்டான். நான் பிளாக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் இன்னும் சுட்டது.

"ராத்திரி ஆறட்டும் தம்பி. காலையில காபிக்கு முன்னாடி வந்துரு, அளப்போம்" என்றேன்.